வெளியேறும் செலவு யார் கணக்கில்?

திறமூல மென்பொருளின் பெருமைகளை மேடைகளில் நிறையவே கேட்டாகிவிட்டது. இந்தச் சொற்பொழிவு அதன் செலவைப் பற்றியது. ஓர் அலுவலகமோ நகராட்சியோ பள்ளியோ பதிப்பகமோ நாளை முதல் லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் என்று மாற முடிவெடுத்தால் எவ்வளவு ஆகும், அந்தப் பணம் எங்கே போகும், அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதுதான் பொருள். திறமூலத்தின் மீது அக்கறை உள்ளவர்கள்தான் இந்தக் கணக்கை முதலில் எடுத்துப் பேச வேண்டும். அவர்கள் சொல்லாமல் விட்ட செலவை எதிர்த்தரப்பு நிச்சயம் கண்டுபிடிக்கும், பெருக்கியும் சொல்லும்.

2003ஆம் ஆண்டு மார்ச் மாதம். மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விடுமுறையில் இருந்தார். அதைப் பாதியில் விட்டுவிட்டு ஜெர்மனியின் மியூனிக் நகருக்கு வந்து மேயர் கிறிஸ்டியான் ஊடேயைச் சந்தித்தார். மாநகராட்சியின் சுமார் 14,000 கணினிகளில் விண்டோஸ் என்.டி. 4 ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு முடிவுக்கு வரவிருந்தது. புதிய விண்டோஸ் வாங்குவதா, லினக்ஸுக்கு மாறுவதா என்று மாமன்றம் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. மைக்ரோசாஃப்ட் முதலில் சொன்ன விலை சுமார் 3.66 கோடி டாலர். அதைப் படிப்படியாகக் குறைத்து ஏறத்தாழ 2.4 கோடிக்குக் கொண்டுவந்தது. லினக்ஸ் தரப்பில் சூசியும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து கொடுத்த மதிப்பீடு அதைவிட ஒரு கோடி டாலருக்கு மேல் அதிகம். மே 28 அன்று மாமன்றம் அதிகச் செலவாகும் லினக்ஸையே தேர்ந்தெடுத்தது.

சிக்கனத்துக்காக மியூனிக் மாறியது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது தவறு. ஒரே நிறுவனம் தன் வசதிக்கு ஏற்றபடி ஒரு பதிப்பை நிறுத்தும்போதெல்லாம் நகரமே பணத்தை எண்ணி வைக்க வேண்டியிருக்கிறதே, அந்த நிலையிலிருந்து விடுபடுவதற்காகத்தான் அவர்கள் மாறினார்கள். கூடுதல் பணம் கொடுத்துத்தான் அந்த விடுதலையை வாங்கினார்கள். பின்னால் வந்த எல்லாச் சண்டைகளும் இந்த முதல் பக்கத்தை மறந்ததால் வந்தவை.

லிமக்ஸ் என்று பெயரிடப்பட்ட அந்தத் திட்டத்தில் முதல் பணியாளர்கள் புதிய கணினியில் உட்கார்ந்தது 2006இல். ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி முடித்துத் திட்டம் நிறைவடைந்ததாக அறிவித்தது 2013 டிசம்பரில். முடிவெடுத்த நாளிலிருந்து பத்து ஆண்டுகள். இடையில் 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மென்பொருள் காப்புரிமைச் சட்ட முன்வரைவால் சிக்கல் வருமோ என்று அஞ்சிச் சில வாரங்கள் வேலையே நின்றது. ஆனாலும் பத்து ஆண்டுகளைத் தின்றது சட்டமும் அன்று, லினக்ஸும் அன்று. ஒரு கணினியில் லினக்ஸ் நிறுவ ஒரு மணி நேரம்கூட ஆகாது. காலத்தைத் தின்றவை கடிதங்கள்.

மாநகராட்சி அலுவலகத்தில் ஒரு கடிதம் எப்படி உருவாகிறது என்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். எழுத்தர் கடித மாதிரியைத் திறக்கிறார். துறையின் பெயர், பிரிவு அதிகாரியின் பெயர், அறை எண், தொலைபேசி எண் எல்லாம் தாமாக வந்து உட்காருகின்றன. மனுதாரரின் முகவரி ஒரு தரவுத்தளத்திலிருந்து விழுகிறது. அச்சுக்குக் கொடுத்தால் மனுதாரருக்கு ஒரு படி வருகிறது. கோப்பில் வைக்கும் அலுவலக நகல் வேறு வாசகத்தோடு, யார் யாருக்கு நகல் போக வேண்டும் என்ற குறிப்போடு வருகிறது. இவ்வளவையும் செய்வது வேர்டு கோப்புக்குள் ஒளிந்திருக்கும் மேக்ரோ. அதை எழுதியவர் என்றைக்கோ ஒரு நாள் ஆர்வத்தில் எழுதிவைத்த ஒரு பணியாளர். அவர் ஓய்வுபெற்றுப் போயிருக்கலாம். எழுதிய முறையைப் பற்றி ஒரு வரிக் குறிப்புகூடக் கிடையாது. இப்படித் துறைக்குத் துறை, பிரிவுக்குப் பிரிவு ஆயிரக்கணக்கான மாதிரிப் படிவங்கள் மியூனிக்கில் குவிந்திருந்தன. லினக்ஸுக்கு மாறும் முன்பு அவை எத்தனை என்றே யாருக்கும் தெரியாது.

இவற்றை ஒன்றுக்கு ஒன்றாகப் பெயர்த்து எழுதுவதில் பொருளில்லை என்று நகரத்தின் நிரலாளர்கள் முடிவு செய்தார்கள். திறமூல அலுவலகத் தொகுப்பான ஓபன் ஆபீஸோடு சேர்ந்து இயங்கும் வோல்மக்ஸ் என்ற கருவியை உருவாக்கினார்கள். கடிதத் தலைப்பு, முகவரி, படிவம், நகல் குறிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே இயந்திரம். 2008இல் அதை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்த உரிமத்தில் வெளியிட்டார்கள். நகரத்தின் பணத்தில் பெரும்பகுதி இத்தகைய வேலைகளுக்கும், பயிற்சிக்கும், பரிசோதனைக்கும்தான் போனது.

இந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது? வழக்கமாக எல்லா ஆய்வறிக்கைகளும் இதை 'லினக்ஸுக்கு மாறிய செலவு' என்ற தலைப்பில் போடுகின்றன. யோசித்துப் பார்த்தால் அது நியாயமில்லை. அந்த மேக்ரோக்கள் பழைய மென்பொருளில் இருந்த ஆண்டுகளில் உருவானவை. வேறு எதிலும் ஓடாதபடி அவை அமைந்ததும் பழைய மென்பொருளின் தன்மையால்தான். பத்துப் பதினைந்து ஆண்டுகளாகக் கண்ணுக்குத் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்த கடன் அது. வெளியேறும் நாளில்தான் கேட்புச் சீட்டு கைக்கு வருகிறது. சீட்டு வந்த தேதியை வைத்துக்கொண்டு புதிதாக வந்தவன்தான் கடனாளி என்று எழுதுகிறார்கள். திறமூலச் செலவு பற்றிய விவாதத்தில் சரிசெய்ய வேண்டிய முதல் பிழை இதுதான்.

கணக்குத் தலைப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு மியூனிக்கே சாட்சி. 2012 நவம்பரில் நகர நிர்வாகம் மாமன்றத்தில் ஓர் அறிக்கை வைத்தது. விண்டோஸும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸும் வைத்திருந்தால் சுமார் 3.4 கோடி யூரோ ஆகியிருக்கும். விண்டோஸோடு ஓபன் ஆபீஸ் என்றால் சுமார் 3 கோடி. லிமக்ஸுக்கு ஆனது சுமார் 2.3 கோடி என்றது அது. ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்று செய்தி உலகமெங்கும் பரவியது. இரண்டே மாதங்களில், 2013 ஜனவரியில், மைக்ரோசாஃப்ட் கேட்டுக்கொண்டபடி எச்.பி. நிறுவனம் செய்த ஓர் ஆய்வு வெளியே வந்தது. லிமக்ஸுக்கு 6.07 கோடி யூரோ ஆனது, விண்டோஸிலேயே இருந்திருந்தால் வெறும் 1.7 கோடிதான் ஆகியிருக்கும் என்றது இந்த ஆய்வு. அதே நகரம், அதே ஆண்டுகள், அதே கணினிகள். ஒன்று மிச்சம் என்கிறது, மற்றொன்று நான்கு கோடி யூரோ நட்டம் என்கிறது.

இரண்டில் எது சரி என்று கேட்பதற்கு முன், எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்க வேண்டும். எச்.பி. ஆய்வு ஒப்பிட்டது விண்டோஸ் எக்ஸ்.பி., ஆபீஸ் 2003 ஆகியவற்றோடு. அந்த இரண்டுக்கும் 2014 ஏப்ரலோடு ஆதரவு முடிந்துவிடும் என்பது அப்போதே தெரிந்த செய்தி. அதாவது அடுத்த ஆண்டே வரவிருந்த பெரிய செலவை அந்தக் கணக்கு எட்டிப் பார்க்கவில்லை. நகரத்தின் கணக்கிலும் பேச இடமுண்டு. பத்து ஆண்டுகள் அலுவலர்கள் புது முறைக்குப் பழகச் செலவிட்ட நேரம், பழைய கோப்பைத் திறந்து வரி தள்ளிப்போனதைச் சரிசெய்த நேரம் இவற்றையெல்லாம் எந்த நிர்வாகமும் மணிக்கணக்கு போட்டு எழுதிவைப்பதில்லை. அந்த நேரம் உண்மையான செலவு. ஆனால் அதே அளவுகோலை மறுபக்கமும் வைக்க வேண்டும். ஆபீஸ் 2003இலிருந்து 2007க்குப் போனபோது மெனுக்கள் எல்லாம் காணாமல் போய் ரிப்பன் வந்ததே, அப்போது உலகமெங்கும் எழுத்தர்கள் தேடிக்கொண்டிருந்த நேரத்தை யார் கணக்கெடுத்தார்கள்?

மியூனிக் கதை அத்தோடு முடியவில்லை. 2014இல் டீட்டர் ரைட்டர் மேயரானார். கணினிகள் தொல்லை தருகின்றன என்ற புகார்கள் பெரிதாகப் பேசப்பட்டன. 2016இல் நகரம் அக்சென்ச்சர் நிறுவனத்திடம் ஆய்வு கேட்டது. மைக்ரோசாஃப்டோடு கூட்டு நிறுவனம் நடத்தும் அக்சென்ச்சரிடம் போய்க் கேட்கலாமா என்று எதிர்ப்புக் கிளம்பியது. ஆனால் அந்த அறிக்கையே பெரும்பாலான குறைகளுக்கு நகரத்தின் நிர்வாக அமைப்பைத்தான் காரணமாகச் சொன்னது. துறைக்குத் துறை தனிக் கணினிப் பிரிவு, அவரவர் இஷ்டப்படி பதிப்பு, மேம்படுத்தலில் தாமதம், பொறுப்பு யாருடையது என்ற குழப்பம். எந்த இயங்குதளத்தை வைத்தாலும் இந்த நோய் அப்படியே இருக்கும். இருந்தும் 2017 நவம்பரில் மாமன்றம் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. திரும்பிப் போவதற்கான மதிப்பீடு 4.93 கோடி யூரோ.

இந்தக் கடைசி எண்ணைத் திறமூலத் தோல்வியின் விலை என்று சொல்பவர்கள் உண்டு. லினக்ஸைக் கைவிட்டு விண்டோஸ் வாங்க ஆன செலவை லினக்ஸின் தலையில் எழுதுவது எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்பாத வேலை. எது தோற்றது என்றால், ஒரு மேயரின் காலத்தில் எடுத்த முடிவை அடுத்த மேயரின் காலத்துக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடு தோற்றது. பத்தாண்டு ஆகும் வேலைக்குப் பத்தாண்டு தாங்கும் அரசியல் ஒப்புதல் வேண்டும். மாறும் செலவில் அதுவும் ஓர் இனம்.

பிரான்சின் ஜான்டார்மரி இதை வேறு விதமாகச் செய்தது. அது ராணுவ அமைப்பு கொண்ட தேசியக் காவல் படை. கிராமங்கள்வரை காவல் நிலையங்கள் கொண்டது. 2005 வாக்கில் அவர்கள் விண்டோஸைத் தொடவே இல்லை. அதிலேயே ஓபன் ஆபீஸை மட்டும் நிறுவினார்கள். கோப்புகள் திறந்த வடிவத்துக்கு வந்தன. 2006இல் உலாவியும் மின்னஞ்சல் செயலியும் ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்டு என்று மாறின. படைவீரர் நாள் முழுக்கப் பார்ப்பது இந்த மூன்றைத்தான். அவை கைக்குப் பழகியபின், 2008இல், அடியில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு லினக்ஸைக் கொண்டுவந்தார்கள். எக்ஸ்.பி.யிலிருந்து விஸ்டாவுக்குப் போனாலும் பயிற்சி கொடுக்கத்தான் வேண்டும் என்ற நிலை. அதற்கு உபுண்டுவுக்கே பயிற்சி கொடுத்துவிடலாம் என்று அவர்கள் எடுத்த முடிவு சரியாக இருந்தது. மேலதிகாரிகள் மாறினாலும் படை திட்டத்தை விடவில்லை. 2013இல் 37,000 கணினிகள் மாறியிருந்தன. மொத்த உடைமைச் செலவு 40 சதவீதம் குறைந்ததாக அப்போது சொன்னார்கள். 2024இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் 97 சதவீதம் லினக்ஸில் ஓடின.

மேலிருந்து கீழே மாற வேண்டும் என்பதுதான் அவர்கள் கண்ட வழி: முதலில் கோப்பு, அடுத்து செயலி, கடைசியில் இயங்குதளம். மாறும் செலவை ஒரே ஆண்டில் கொட்டாமல் பல ஆண்டுகளுக்குப் பரப்பியது இந்த வரிசை. எந்த இடத்தில் நின்றாலும் அதுவரை செய்த வேலை வீணாகாது.

அரைகுறையாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரம் உதாரணம். 2007இல் ஓபன் ஆபீஸுக்கு மாற முடிவெடுத்தார்கள். ஆனால் பழைய மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2000ஐயும் கூடவே வைத்துக்கொண்டார்கள். ஓபன் ஆபீஸையும் ஒரு பழைய பதிப்போடு நிறுத்திவிட்டார்கள். ஒரே கோப்பு இங்கே ஒரு மாதிரி, அங்கே ஒரு மாதிரி. வெளியிலிருந்து வரும் புதிய கோப்புகள் இரண்டிலும் சரியாகத் திறக்கவில்லை. 2012இல் மன்றம் மைக்ரோசாஃப்டுக்கே திரும்ப வாக்களித்தது. இரண்டு வீட்டுக்கும் வாடகை கொடுத்துவிட்டு இரண்டிலும் நிம்மதியாகக் குடியிருக்க முடியாத கதை. ஆஸ்திரியாவின் வியன்னாவில் வேறொரு சிக்கல்: மழலையர் பள்ளிகளில் பயன்படுத்த வேண்டிய ஒரு மொழிப் பயிற்சி மென்பொருள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே ஓடியது. அந்த ஒன்றுக்காக நூற்றுக்கணக்கான கணினிகள் 2008இல் விண்டோஸுக்குத் திரும்பின.

அதே ஜெர்மனியில் இப்போது ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் இறங்கியிருக்கிறது. 2024 ஏப்ரலில் சுமார் 30,000 பணியிடங்களை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றுவதாக அறிவித்தது. 2025 அக்டோபருக்குள் 40,000க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளைத் திறமூல அமைப்புக்கு மாற்றி முடித்தது. இடையில் அஞ்சல் தாமதம், அலுவலர்களின் கோபம் எல்லாம் இருந்தன. அந்த மாநிலம் சொல்லும் கணக்கு கவனிக்கத்தக்கது: ஆண்டுக்கு மிச்சமாகும் உரிமக் கட்டணம் 1.5 கோடி யூரோவுக்கு மேல். 2026இல் மாற்றத்துக்கும் மேம்பாட்டுக்கும் ஒதுக்குவது சுமார் 90 லட்சம் யூரோ. மிச்சமானதில் பாதிக்கும் மேல் மீண்டும் மென்பொருளுக்கே போகிறது. இப்படித் திட்டமிடுவதுதான் நேர்மை.

மிச்சமாகும் பணம் முழுவதையும் கருவூலத்துக்குத் திருப்பிவிட நினைக்கும் நிறுவனம் திறமூலத்துக்கு மாறவே கூடாது என்று துணிந்து சொல்லலாம். இலவசமாகக் கிடைப்பதை நம்பி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை 2020 டிசம்பர் காட்டியது. உலகமெங்கும் சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்த இலவச லினக்ஸ் பதிப்பான சென்ட் ஓ.எஸ். 8க்கு 2029வரை ஆதரவு உண்டு என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2021 டிசம்பரோடு நிறுத்துகிறோம் என்று அதை நடத்திய ரெட் ஹேட் நிறுவனம் அறிவித்தது. எட்டு ஆண்டு ஒரே ஆண்டாகச் சுருங்கியது. நல்ல வேளையாக ஆல்மா லினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்று மாற்றுகள் சில மாதங்களில் வந்தன. மூலநிரல் திறந்திருந்ததால்தான் அது முடிந்தது. ஆனாலும் ஒவ்வொரு சர்வரையும் மாற்றிச் சோதிக்கச் சம்பளம் வாங்கும் ஆள் வேண்டியிருந்தது. அதற்கு முன்பு 2014இல் ஓபன் எஸ்.எஸ்.எல்.லில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது, இணைய உலகின் பூட்டு என்று சொல்லத்தக்க அந்த மென்பொருளை முழுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர் என்றும், அதற்கு ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டாலர் என்றும் தெரியவந்தது. கோடிக்கணக்கில் பயன்பெற்ற நிறுவனங்களில் பெரும்பாலானவை அதுவரை அந்த மனிதரின் சம்பளத்தைத் தம் செலவாக நினைக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது மாறாமல் இருப்பவர்களின் செலவையும் அதே தட்டில் வைத்தாக வேண்டும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகள், நன்றாக ஓடினாலும், புதிய பதிப்புக்குப் போக முடியாது. பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வேண்டுமானால் நிறுவனங்கள் கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு அதன் இரு மடங்கு, மூன்றாம் ஆண்டு மீண்டும் இரு மடங்கு கட்ட வேண்டும். மூன்று ஆண்டுக்கு 427 டாலர். அந்தப் பணத்துக்குப் புதிய வசதி எதுவும் வராது. பிராட்காம் நிறுவனம், தரவு மைய மென்பொருள் நிறுவனமான வி.எம்.வேரை வாங்கியபின், 2023 டிசம்பரில், ஒரு முறை வாங்கி எப்போதும் வைத்துக்கொள்ளும் உரிமங்களின் விற்பனையை நிறுத்தி எல்லாவற்றையும் சந்தாவாக்கியது. அந்த மென்பொருளைச் சுற்றிக் கட்டப்பட்ட தரவு மையங்கள் ஒரே இரவில் வேறு விலைப்பட்டியலுக்குள் வந்துவிட்டன.

நம் பக்கத்துக்கு வந்தால், கேரளப் பள்ளிகளைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கி இப்போது கைட் என்ற நிறுவனமாக இருக்கும் அமைப்பு, அரசுப் பள்ளிக் கணினிகளை முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுவந்தது. 2019இல் புதிய லினக்ஸ் பதிப்பை வெளியிட்டபோது இரண்டு லட்சம் கணினிகள், 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அறிவித்தார்கள். கணினிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் உரிமக் கட்டணம் என்று வைத்துப் போட்ட கணக்கு. இந்த எண்ணை அப்படியே ஏற்க முடியாது. ஒரு கிராமத்து அரசுப் பள்ளிக் கணினிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மென்பொருள் வாங்க எந்த அரசும் முன்வந்திருக்காது. செலவழித்திருக்கவே மாட்டாத பணத்தை மிச்சம் என்று எழுதுவது நல்ல திட்டத்துக்குப் பெருமை சேர்க்காது.

கேரளத்தின் உண்மையான சாதனை வேறிடத்தில் இருக்கிறது. அவர்கள் ஆசிரியர்களுக்குச் செலவழித்தார்கள். பயிற்றுநர் குழுக்களை உருவாக்கி, ஆண்டுதோறும் விடுமுறைக் காலங்களில் பயிற்சி வைத்து, பாடநூலையும் தேர்வையும் அந்த மென்பொருள்களை வைத்தே அமைத்தார்கள். ஆட்சிகள் மாறி மாறி வந்தும் திட்டம் நிற்கக் காரணம், அதை அறிந்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் பள்ளிகளில் இருப்பதுதான். தமிழ்நாட்டில் 2006 முதல் 2008 வரை சி. உமாசங்கர் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த அலுவலகமே சூசி லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாறியது. அரசுத் துறைகளுக்கும் அது பரவத் தொடங்கியது. அவர் அங்கிருந்து மாற்றப்பட்டபின் அந்த வேகம் தொடரவில்லை. பாஸ் லினக்ஸ் என்ற இந்தியப் பதிப்பை உருவாக்கிய சி-டாக் மையம் சென்னையிலேயே இருந்தும், ஓர் அதிகாரியின் முனைப்பில் தொடங்கியது அமைப்பாக வேர்விடவில்லை.

தமிழில் வேலை செய்யும் அலுவலகங்களுக்கு இன்னொரு செலவு இருக்கிறது. மியூனிக்குக்கோ பாரிசுக்கோ அது கிடையாது. ஃபான்ட். வானவில் அவ்வையார் என்ற எழுத்துருவில் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்கள் ஆண்டுக்கணக்கில் கடிதம் அடித்தன. அந்தக் கோப்பைக் கணினி பார்க்கும்போது அதில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் குறியீடும்தான் இருக்கின்றன. ஃபான்ட் அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது, அவ்வளவுதான். அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் நடவடிக்கைக் குறிப்பு முழுக்கக் குப்பையாகத் தெரியும். 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடையும் டேஸ்16ஐயும் எழுத்துக் குறியாக்கத் தரமாக ஏற்று அரசாணை வந்தது. பழைய கோப்புகள் அதனால் தாமாக மாறிவிடவில்லை.

மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். ஒரே ஒரு கோப்பை மாற்றிப் பார்த்தால் தெரியும். தமிழ்க் கடிதத்துக்குள் சில ஆங்கிலச் சொற்கள் இருக்கும்: ஒரு கம்பெனியின் பெயர், ஒரு சட்டப் பிரிவு, ஒரு மின்னஞ்சல் முகவரி. வெறும் எழுத்துகளை மட்டும் பார்க்கும் கருவிக்கு எது உண்மையான ஆங்கிலம், எது தமிழாகத் தெரியும் ஆங்கிலம் என்று பிரித்தறிய வழியில்லை. எல்லாவற்றையும் தமிழாக்கி, கம்பெனியின் பெயரை வாயில் நுழையாத எழுத்துக் கோவையாக்கிவிடும். அட்டவணைக்குள் இரண்டு ஃபான்ட் கலந்திருந்தால் பாதி மாறும், பாதி மாறாது. ஆகவே ஒருவர் மூலத்தையும் மாற்றத்தையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படித்தாக வேண்டும். ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இருக்கும் கோப்புகளை நினைத்தால் இது எவ்வளவு பெரிய உழைப்பு என்பது புரியும். இந்தச் செலவுக்கும் லினக்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. விண்டோஸிலேயே இருந்தாலும், பத்து ஆண்டுக்கு முந்தைய ஒரு பெயரைத் தேடி எடுக்க வேண்டுமானால் இதைச் செய்துதான் ஆக வேண்டும்.

பதிப்பகங்களின் நிலையும் ஏறத்தாழ இதுதான். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அதற்குப் பிறகும் நீண்ட காலம் தமிழ்ப் புத்தகங்கள் அதில்தான் பக்கம் கட்டப்பட்டன. திறமூல மாற்றாகச் சொல்லப்பட்ட ஸ்கிரைபஸின் பழைய நிலைப் பதிப்பில் தமிழ் எழுத்துகளின் கொம்பு இடம் மாறி நின்றது. அதில் புத்தகம் கொண்டுவர முடியாது. தமிழ் போன்ற எழுத்துமுறைகளைச் சரியாகக் காட்டும் நிலைப் பதிப்பு 1.6 வந்தது 2024 ஜனவரியில்தான். இருபது ஆண்டுகளாக மாறாத பதிப்பாளர்களைச் சோம்பேறிகள் என்று குறைசொன்ன திறமூல ஆர்வலர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மாற்று தயாராக இல்லாதபோது மாறச் சொல்வது அறிவுரை ஆகாது.

சிறிய அலுவலகங்களில் வேறு விதத் தடைகள் உண்டு. கணக்குப் பிரிவு டேலியை விட்டு வராது; அது விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. மலிவு விலை லேசர் பிரிண்டர்களில் சில வகைகள் தயாரிப்பாளர் தரும் டிரைவர் இல்லாமல் ஒரு பக்கம்கூட அடிக்காது. லினக்ஸ் டிரைவர் ஒழுங்காக இல்லாவிட்டால் புது பிரிண்டர் வாங்கும் செலவு வந்து நிற்கும். இப்படிப்பட்ட இடங்களில் ஓரிரண்டு கணினிகளை விண்டோஸிலேயே விட்டுவிட்டு மற்றவற்றை மாற்றுவதில் குற்றமில்லை. ஃப்ரைபர்க் செய்த பிழை இதுவன்று. அவர்கள் ஒரே வேலையை ஒரே மேசையில் இரண்டு விதமாகச் செய்தார்கள்.

இந்த அவையில் கல்லூரி நிர்வாகிகளும் நூலகர்களும் கூட்டுறவுச் சங்கத்தாரும் அரசு அலுவலர்களும் இருக்கிறார்கள். நாளைக்கே லினக்ஸுக்கு மாறுங்கள் என்று அவர்களிடம் கேட்கவில்லை. அடுத்த முறை எந்த மென்பொருளுக்கு டெண்டர் விட்டாலும், ஐந்தாண்டு கழித்து இதிலிருந்து வெளியேறினால் எங்கள் தரவை எந்த வடிவில் தருவீர்கள், அதற்கு என்ன விலை என்ற ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும். அந்த விலையை வாங்கும் விலையோடு கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். இன்று முதல் அடிக்கும் ஒவ்வொரு கடிதத்தையும் யூனிகோடில் அடித்து, திறந்த கோப்பு வடிவத்தில் சேமிக்க வேண்டும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, மேலதிகாரியின் அனுமதியும் தேவையில்லை. அலுவலகத்தில் எத்தனை மேக்ரோ, எத்தனை படிவம், எந்தெந்த ஃபான்ட் என்று ஒரு பட்டியலை இந்த நிதியாண்டுக்குள் எடுக்க வேண்டும். பட்டியல் எடுக்கும் பொறுப்பை ஒருவருக்குப் பெயர் சொல்லிக் கொடுத்து, வேலை நேரத்திலேயே அதைச் செய்ய அவருக்கு நேரம் ஒதுக்குங்கள்.